மீனின் கன்னம்

என் கணவர் தன் சாப்பாட்டுக் குச்சிகளால் மீனின் கன்னச் சதையைக் கிள்ளியெடுத்து, என் தம்பி ரூய்லினின் கிண்ணத்தில் வைத்தார்.

"சாப்பிடு ரூய்லின். மீன்லயே இதுதான் ருசி."

"அத்தான் கையால கிடைக்குதே! அக்கா, பொறாமையா இருக்கா?"

விருந்தாளிக்கு நல்ல துண்டை எடுத்து வைப்பது எங்கள் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் என் கணவர் கெங் அதை எல்லோருக்கும் செய்யமாட்டார். புரட்சிக்கு முன், கட்சி மலைக்குகைகளில் ஒளிந்திருந்த காலத்தில் அவர் வாக்குமூலங்களைப் படியெடுக்கும் எழுத்தர். ஒற்றர்களைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தார். ஒற்றர் இல்லாத இடத்திலும் கண்டுபிடித்தார். அப்படியே மாகாணம், பிறகு பீக்கிங், இன்று ரகசியப் போலீசுக்கே தலைவர். அவர் கார் தெருவில் திரும்பினால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்கிறார்கள். கடையில் எனக்கு வரிசையே கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

இதே மேசையில்தான் வேய் என்ற பத்திரிகை ஆசிரியருக்குக் கன்னத்தை வைத்தார். அந்த மனிதர் அழாத குறையாக நன்றி சொன்னார். அதே வாரம் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்; வீட்டுக் கதவில் போலீஸ் சீல் வைத்த தாள் ஒட்டியிருந்தது. பிறகு தாவ், குகைக் காலத்திலிருந்து கூடவே இருந்த நண்பர். அவருக்கும் அப்படியே. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதில்ல?" என்றார்.

ரூய்லின் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும். போன மாதம் பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில், கிராமத்தில் ஜனங்கள் மரப்பட்டையைத் தின்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். உண்மையைத்தான் சொன்னான், அசடு.

அவன் வாய்க்குக் கொண்டுபோகுமுன் நான் எட்டி, அந்தத் துண்டை எடுத்து விழுங்கிவிட்டேன்.

"என்னக்கா இது, சின்னப் புள்ள மாதிரி!"

"இவன் என் தம்பிங்க. நான் வளத்த புள்ள," என்றேன் கணவரிடம்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார்.

"மீனுக்கு ரெண்டு கன்னம் உண்டு, சூயின்."

மீனைப் புரட்டி, மறுகன்னத்தைச் சிதையாமல் கிள்ளியெடுத்தார். சாறு சொட்டச் சொட்ட அது மேசை நடுவில் அவர் குச்சிகளில் நின்றது. ரூய்லின் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினான். நானும் என் கிண்ணத்தை நீட்டினேன்.