கூட்டம் கூட இறங்கிய துறை

கொட்டாரம் ஊருக்குத் தெற்கே வயலைத் தூர்த்துக் கட்டிய பல்கலைக்கழகத்தில், சுரங்கப் பொறியியல் துறை தன் ஐந்தாண்டுத் திட்டத்தை ஏகமனதாக ஏற்றுக்கொண்ட மதியம், துறைக் கட்டடம் ஒரு முழம் பூமிக்குள் இறங்கியது. சுவரில் கீறல் விழவில்லை, மேசையிலிருந்த சாயா சிந்தவில்லை. அதன்பின் முன்னேற்ற ஆய்வுக் கூட்டம் கூடும்போதெல்லாம் இன்னொரு முழம் இறங்கியது. நெல்விலை இறங்குவதற்குக் கேட்ட கேள்விகூட இதற்கு யாரும் கேட்கவில்லை.

துறைத் தலைவர் ராஜையன் சுரங்கம் எதையும் கண்ணால் கண்டதில்லை. செருப்பில் மண் ஒட்டினாலே முகம் சுளிப்பார். தொலைநோக்கு, இலக்கு, துணை இலக்கு என்று திரையில் கலர் கலராக ஓட்டுவார், திட்டக் குழுவினர் பழம்பொரியைத் தின்றபடி தலையாட்டுவார்கள். வெட்கங்கெட்ட கூட்டம். அங்கே உதவிப் பேராசிரியையாக இருந்த கடியப்பட்டணத்து ஷெர்லிக்கு ஆசை ஒன்றுதான். படிப்பு முடியுமுன் பிள்ளைகள் ஒருமுறையாவது நிஜச் சுரங்க வேலை பழக வேண்டும். பழகாதவனை எவன் வேலைக்கு எடுப்பான்? அவளிடம் படித்து முதல் வகுப்பில் தேறிய ரிஜோ, துபாயில் ஒரு மாலின் நிலவறையில் கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தான். பூமிக்கடியில் அவனுக்குக் கிடைத்த வேலை அவ்வளவுதான். வருஷந்தோறும் அவள் கேட்பாள். "அடுத்த திட்டத்துல சேத்திரலாம் டீச்சரே" என்பார் ராஜையன்.

கீழ்த்தள ஜன்னல்களில் முதலில் செம்மண் தெரிந்தது, பிறகு களிமண். மேல்மாடி ஜன்னல் வழியாக ஏணி வைத்து இறங்க வேண்டி வந்தபோது குழு ஒரு தீர்மானம் போட்டது. திட்ட அறிக்கையில் 'சுரங்கத்தில் இறங்கிய மாணவர்கள்' என்ற இடத்தில் அதுவரை பூஜ்யம்தான். இனி வகுப்புக்கு ஏணியில் இறங்குகிறவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இலக்கு நூறு சதவீதம் எட்டப்பட்டது. சாயா கொண்டுபோகிறவரும் அதில் அடக்கம் என்று கேட்டபோது ஷெர்லிக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அவர்கள் கைதட்டினார்கள், கட்டடம் இறங்கியது.

அடுத்த கூட்டத்தின் நடுவில் கீழ்த்தளக் கூட்ட அறையின் கூரை தொய்ந்தது. ஷெர்லி பிள்ளைகளைத் தென்னந்தடிகளோடு கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

"கூட்டம் நடக்குது, கண்ணு தெரியலியா? பொறவு வாங்க" என்றார் ராஜையன்.

"நீங்க நடத்துங்க சார். எட்சா, தடிய இங்கோட்டு நிறுத்து மக்கா. அடியில ஆப்பு வச்சு இறுக்கு."

அந்தக் கூட்டத்தை மண் மூடியிருந்தால் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கமாட்டாள். ஆனால் பிள்ளைகளுக்கு முட்டுக்கொடுத்துப் பழக நிஜமாகவே சரிகிற ஒரு கூரை வேண்டியிருந்தது. தலையில் மண் கொட்டக் கொட்ட அவர்கள் பழகினார்கள். ராஜையன் மடியில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த படத்தைக் காட்டினார்.

இப்போது வருஷாவருஷம் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் வந்து பிள்ளைகளை வேலைக்கு எடுத்துப்போகிறார்கள். அன்று தடி நிறுத்திய எட்சன் முதல் ஆளாகப் போனான். ஷெர்லி ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய வகுப்பைத் தடிகளோடு இறக்குகிறாள். ராஜையனும் குழுவினரும் மேலே வருவதில்லை, திட்டம் இன்னும் முடியவில்லையாம். பழம்பொரியைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்குகிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் கயிற்றை ஒரு முழம் நீட்ட வேண்டும், வேறு சிரமமில்லை.