பெண்கள் சாவடியில் விழுந்த ஒரே ஓட்டு

1

இந்தக் கதை ஒற்றை ஓட்டிலிருந்து பிறந்தது. ஐம்பதுகளின் கடைசியில், சிவகாசிப் பக்கம் ஒரு வார்டுத் தேர்தல். லேபிள் அச்சகம் வைத்திருந்த தனுஷ்கோடிக்குப் பெண்கள் சாவடியில் கிடைத்தது அது ஒன்றுதான். தோற்கடித்தவர் நர்ஸ் பாக்கியவதி. வார்டில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பெண்ணினம் விழித்தெழுந்த அப்பொன்னாளில், பத்திரகாளி என்னும் வீராங்கனை...’

வேண்டாம். பத்திரகாளி தனுஷ்கோடியின் மனைவி. வரிசையில் நின்று கால் வலித்ததைத் தவிர அன்று அவள் வீரம் எதுவும் காட்டியதாகத் தெரியவில்லை.

2

“தாய்மார்களே, உங்களுக்கு ஓட்டு வாங்கித் தந்ததே எங்களைப் போன்ற ஆண்கள்தான்!” என்று தனுஷ்கோடி மேடைதோறும் முழங்கினார். (பத்திரகாளி கை தட்டினாள். மற்றவர்கள் தட்டிய பிறகு என்று சேர்க்கவா?)

ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருந்த காலம். திரைக்குப் பின்னால் போய், சின்னம் பார்த்துச் சீட்டைப் போட வேண்டும்.

எண்ணி முடித்த சாயங்காலம் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டார்.

“தம்பி, அது நான் போட்டதுய்யா” என்றாள் அக்கா வள்ளித்தாய்.

“அத்தான், சத்தியமா என்னுது” என்றாள் தம்பி மனைவி சோலையம்மாள்.

“நாந்தான் போட்டேன்” என்றாள் பத்திரகாளி, அரிசி களைந்துகொண்டே.

ஓட்டு ஒன்று, போட்டவர்கள் மூன்று பேர். தனுஷ்கோடி குழம்பினார். நானும்தான்.

3

தட்டில் சூடம் ஏற்றினார். உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

“பொய்யின்னா ஒன்னைய ஆமத்தூர் பஸ்ல ஏத்தி ஒங்க அப்பன் வீட்டுக்கு அனுப்பிருவேன்.” இது மனைவிக்கு மட்டும்.

அக்கா அணைத்தாள். மறுபடி ஏற்றினார். சோலையம்மாளும் அணைத்தாள். (ஒருத்தியாவது பொய். சாமி ஏன் சும்மா இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.) மூன்றாவதாக ஏற்றினார்.

பத்திரகாளி கையை [நீட்டினாள்] [நீட்டவில்லை] பாதியில் நிறுத்தினாள்.

“ஆம்பளைக சாவடியிலயும் தோத்துத்தான இருக்கீக. ஒங்க கூட்டாளிக எத்தன பேரச் சூடம் அணைக்கச் சொன்னீக?”

“அது அரசியலுடீ.”

“அப்ப இது என்ன?”

4

ஒரு முடிவில், பாவம் பார்த்து அவள்தான் அவருக்குப் போட்டாள். இன்னொன்றில், பிரசவத்தில் விடிய விடியத் தன் கையைப் பிடித்திருந்த நர்சுக்குப் போட்டாள். மூன்றாவதில் சீட்டை மடித்து இடுப்பில் செருகி... இல்லை, அதில் எனக்கே நம்பிக்கை இல்லை.

பார்த்துவிட்டே எழுதலாம் என்று அவளுக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்றேன். எழுதுகிறவனை விடாமலா போவார்கள்?

“பொம்பளைக சாவடி. அங்கிட்டுப் போங்க” என்றார் போலீஸ்காரர்.

ஆக, எனக்குத் தெரியாது. சூடம் பாதி எரிந்துவிட்டது. தனுஷ்கோடி தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளுகிறார். அவள் அணைக்க வேண்டுமா, வேண்டாமா? வாசகர்களே, நீங்கள் சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன், போன தேர்தலில் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று பத்திரகாளி கேட்கிறாள்.