நரைக்கு மார்க்

ஐம்பத்தேழு வயதிலும் அருளானந்தத்தின் தலை கன்னங்கரேலென்று இருந்தது. காரணம் பரம்பரை இல்லை, ஓட்டல் சட்டம். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், பிரெஞ்சுக்காரன் கட்டிய பழைய மாளிகையில் நடக்கிறது அந்த ஓட்டல். பரிமாறுகிறவர் தலையில் ஒரு நரை தெரிந்தாலும் மேனேஜர் செல்வகுமாருக்குப் பொறுக்காது. "கெஸ்ட் சாப்பிட வர்றாங்களா, உங்களப் பாத்துப் பரிதாபப்பட வர்றாங்களா?" என்பார். அன்று சாயங்காலமே டை அடித்தாக வேண்டும்.

தலைக்கு டை அடிக்கலாம், முட்டிக்கு என்னத்தை அடிப்பது? மாடியிலும் ஒரு சாப்பாட்டுக் கூடம் இருந்தது. செங்குத்தான மரப்படி. தட்டை ஏந்திக்கொண்டு நாள் பூராவும் ஏறி இறங்க வேண்டும். கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினார். மாடி ஏறுவதை விட்டால் முட்டி பிழைக்கும், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கீழ்க் கூடத்துக்கு மாற்றிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம். ஆனால் கேட்கப் பயம். துணி மடிக்கும் அறையிலிருந்த வேளாங்கண்ணி இடுப்பு வலி என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்று சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார் செல்வகுமார். இன்னமும் ரெஸ்ட்தான் எடுக்கிறாள், பாவம்.

அப்பேர்ப்பட்ட ஓட்டலுக்கு மூத்த ஊழியர்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. எந்த ஓட்டல் வயசானவர்களை நன்றாக வைத்துக்கொள்கிறது என்று அளந்து மார்க் போடச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வரப்போகிறாராம். மார்க் அள்ளினால் பிரான்சிலிருந்து டூரிஸ்ட் கூட்டம் வந்து குவியுமாம்.

"எல்லாரும் நரையோட நிக்கணும்" என்றார் செல்வகுமார்.

"போன வாரம்தான் சார் அடிச்சேன். கழுவுனா போவாது" என்றார் அருளானந்தம்.

தவிர, வயசானவர்களை ஒவ்வொருவராக ரெஸ்டுக்கு அனுப்பியதில் மிச்சமிருந்ததே அவர் ஒருவர்தான். ஒற்றைக் கிழவனைக் காட்டி மார்க் வாங்க முடியுமா? செல்வகுமாருக்கு மூளை சும்மா இருக்குமா! குரோசான் ரொட்டிக்கு வைத்திருந்த மைதாவை எடுத்து, அருளானந்தத்தின் தலையிலும் இளவட்டங்கள் சிலர் தலையிலும் சல்லடையால் சலிக்கச் சொன்னார். இருபத்தேழு வயது ஃபவாஸ் கண்ணாடியைப் பார்த்து, "அண்ணே, எங்க வாப்பா மாதிரியே இருக்கேண்ணே" என்று சிரித்தான்.

வந்த அம்மாளின் பெயர் செந்தமிழ்ச்செல்வி. அவருக்கும் அருளானந்தத்தின் வயசுதான் இருக்கும். ஃபவாஸின் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். அவர் பார்த்ததெல்லாம் கையிலிருந்த டேப்லெட்டை. தலை வெள்ளையா? வெள்ளை. ஒரு டிக். தீர்ந்தது.

"படி ஏறக் கஷ்டமா இருக்குதா?" என்று பொதுவாகக் கேட்டார். கேட்டதுதான் தாமதம், செல்வகுமார் கண்ணைக் காட்டினார். ஃபவாஸ் நிறைந்த தட்டோடு ரெண்டு ரெண்டு படியாகத் தாவி மாடிக்குப் போய்விட்டான். அம்மாள் அசந்துபோனார்.

"இந்த வயசுல என்னா சுறுசுறுப்பு! அப்போ மாடி முழுக்க சீனியர்ஸையே போடலாமே சார். அதுக்குத் தனியா மார்க் இருக்கு."

"நாளையிலேர்ந்தே போட்டுடறேன் மேடம்."

சீனியர் என்று இருப்பது அருளானந்தம் ஒருவர். நாளையிலிருந்து மாடியே கதி, முட்டிக்குச் சங்குதான். அட, வேலை போனால் போகட்டும், எழவு! மேசை துடைக்கும் ஈரத்துண்டை எடுத்தார். ஃபவாஸ் இறங்கி வந்ததும் பிடரியைப் பிடித்துத் தலையை அழுத்தித் துடைத்தார். உள்ளே கருகருவென்று முடி வந்தது, துண்டு முழுக்க மாவு.

"இவனுக்கு இருபத்தேழு மேடம். அம்பத்தேழு எனக்குத்தான். முட்டி போயிடுச்சி, என்னால மாடி ஏற முடியல. நாளைக்கி வீட்டுக்கு அனுப்பட்டும், இன்னிக்கி சொல்லிட்டேன்."

"அவருக்கு வெயில் ஒத்துக்கல மேடம்" என்று இளித்தார் செல்வகுமார்.

அம்மாள் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக அருளானந்தத்தின் முகத்தைப் பார்த்தார். நெற்றி வேர்வையைக் கைக்குட்டையால் ஒற்றினார். கைக்குட்டையில் கறுப்பு ஒட்டியது. அதை அருளானந்தமும் பார்த்தார், செல்வகுமாரும் பார்த்தார்.

"நரையோட போனா, எப்போ ரிட்டையர்மென்ட்னு எங்க ஆபீஸ்லயும்தான் கேக்கறாங்க" என்றார் அம்மாள் தணிந்த குரலில். அப்புறம் செல்வகுமார் பக்கம் திரும்பினார். "இவருக்கு இனிமே கீழதான் வேலை. இவர அனுப்பிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், இந்த மாவுக் கதை பிரான்ஸ் வரைக்கும் போகும்."

அன்றிலிருந்து அருளானந்தத்துக்குக் கீழ்க் கூடம். டை அடிக்கச் சொல்லி மட்டும் அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டது.

மாவுக் கதையை வெளியே விடாத அம்மாள் மார்க்கையும் கெடுக்கவில்லை போலிருக்கிறது. அடுத்த மாதம் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று வந்து சேர்ந்தது. மூத்த ஊழியர்களைக் கண்ணாகக் காக்கும் ஓட்டல் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறதாம். ஃபவாஸ் சொன்னான். செல்வகுமார் அதை மாடிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அருளானந்தம் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க மாடி ஏற வேண்டும்.