ஒற்றைப் பெயர் வந்த மாதம்

எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். அது என் அப்பா வைத்த ஒழுங்கு. நானும் என் தம்பி மகனும் ஒரே அலுவலகம். நான் கணக்குப் பிரிவு, அவன் கணினிப் பிரிவு.

ஓய்வு பெற்றவர்களின் கோப்புகளை மாதக் கடைசியில் அழிக்க அவன் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான சின்ன நிரல், எழுதியிருந்தான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்து, அந்தப் பெயரில் தொடங்கும் கோப்புகளையெல்லாம் அழிக்கும். வழக்கமாக நாலைந்து பேர் இருப்பார்கள். அந்த மாதம் ஓய்வு பெற்றது நான் ஒருவன்தான். ஒற்றைப் பெயரை அது பட்டியலாக எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் எழுத்துகளின் வரிசையாக எடுத்துக்கொண்டது. பட்டியலின் முதல் ஆளை எடுக்க வேண்டிய இடத்தில், என் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்தது. அந்த எழுத்தில் தொடங்கிய அத்தனை பேரின் கோப்புகளும் போயின. அவனுடையவையும்தான், அந்த ஸ்கிரிப்ட் உட்பட. அங்கே பிரதி எடுத்து வைக்கும் வழக்கமே இல்லை.

பழி, அன்று அந்த ஸ்கிரிப்டை இயக்கிய, ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பெண்ணின் தலையில் விழுந்தது.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனேன்.

"உங்க ஒருத்தரை அழிக்கச் சொன்னா, கூட்டத்தையே இழுத்துட்டுப் போயிட்டீங்களே, பெரியப்பா" என்று சிரித்தான் தம்பி மகன்.

"நாளைக்குப் போய் நான்தான் எழுதினேன்னு சொல்லு."

சிரிப்பு நின்றது. "ஒத்தப் பேர் வந்தாலும் பட்டியலா வாங்குன்னு ஒரு அடைப்புக்குறி போட மறந்துட்டேன். அதுக்கு என் வேலையை விடணுமா? ஃபைலே இல்ல. எழுதினது யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

தம்பி மனைவி குறுக்கிட்டாள். "அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா, மச்சான். யாரோ ஒரு பொண்ணுக்காக..."

"யாரோ பொண்ணு தலையில நம்ம வீட்டுத் தப்பை ஏத்தினா, அப்புறம் எந்த முகத்தோட வெளியில நடக்குறது?"

"உங்க முகத்தைக் காப்பாத்த எங்க சோத்துல கை வைக்காதீங்க, அண்ணே" என்றான் தம்பி.

மறுநாள் மதியம் வரை பொறுத்தேன். அவன் சொல்லவில்லை. நானே மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் வேலையில் நீடித்தாள். அவன் போனான்.

பிறகு தம்பி வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. அவனுக்குக் குழந்தை பிறந்ததைக்கூட, அலுவலகத்தில் கேள்விப்பட்டு அந்த ஒப்பந்தப் பெண்தான் போனில் சொன்னாள். பெயரையும் சொன்னாள்.

எங்கள் எழுத்து இல்லை.

"நல்ல பேருதான்" என்று சொல்லி போனை வைத்தேன்.