படையல் வைக்காத வயல்

பேராலாவுக்கு இந்த முறை படையல் வைக்க மாட்டேன் என்று நான் சொன்னதும் ஏரம்பு அண்ணை சிரித்தார். எந்த வயலுக்கு எந்த நாள் அதைக் கூப்பிடுவது என்று நறுவிலிக்குளத்தில் முறை வைக்கிறவர் அவர்தான்.

"பிள்ளை, வீட்டுக்கு வாற ஆளுக்குத் தேத்தண்ணி குடுக்காமல் வேலை சொல்லுவியோ?"

"குடிச்சிட்டு எழும்பிப் போற ஆளெண்டால் கட்டாயம் சொல்லுவன் அண்ணை."

கடைசிப் போர் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது, உலகத்தில் ஓடுகிற இயந்திரம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. வயல் முழுக்க மிதிவெடி. எடுக்க ஒருவரும் வரவில்லை. வந்தது பேராலா மட்டும்தான், நெற்களஞ்சியக் கூரை அளவு சிறகோடு, கடலுக்கு மேலால். இரும்பு தின்கிற பறவை. மண்ணைக் கிளறி மிதிவெடிகளை விழுங்கும். அவை வயிற்றுக்குள் வெடிக்கும்போது ஏப்பம் விடும். அது இறங்கிய வயலில் விதைத்தோம். இறங்காத வயல்களை வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

முகாமில் பசி கிடந்த சனம் நாங்கள். உதவிக்கு வந்ததை வெறும் வயிற்றோடு வேலை வாங்க மனம் வரவில்லை. தண்டவாளத் துண்டு, சைக்கிள் றிம், எரிந்த வாகனத் தகடு எல்லாவற்றையும் வயல் நடுவில் எறிந்து குவித்தோம். அதுதான் படையல். வருடா வருடம் குவியல் உயர்ந்தது. யாருடையது பெரிது என்று பெருமை வேறு.

போன மாதம் ஏரம்பு அண்ணையின் பசு, பேராலா வந்துபோன அயலார் வயலிலேயே மிதிவெடியில் ஒரு காலை இழந்தது. எல்லை தாண்டி மேய்ந்திருக்கும் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். குழி வரம்புக்கு உள்ளேதான் இருந்தது. பேராலா அங்கு வந்த நாளை நினைத்துப் பார்த்தேன். படையலைத் தின்றது, கழுத்தை உதறியது, பறந்துவிட்டது. ஓரிடத்திலும் கிளறவில்லை. நாங்களோ கைதட்டிக்கொண்டு நின்றோம். அன்றுமுதல் எந்த மண்ணில் மிதிக்கும்போதும் என் பாதம் ஒரு கணம் தயங்கியது. தயங்கிக்கொண்டே என்னால் நாற்று நட முடியாது. பெருமழைக்கு முன் என் வயல் உண்மையாகவே சுத்தமாக வேண்டும்.

என் முறை வந்த காலையில், முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த உம்மு ஸல்மா எருக்கலம்பிட்டியிலிருந்து கழுதை வண்டியோடு வந்து நின்றாள்.

"தனுசியா, உன்ட படையலுக்கு மூண்டு மூட்டை இரும்பு. கழுதைக்கு நாக்குத் தள்ளிட்டு."

"குளத்துக்கு அங்கால கொண்டுபோய் மறைச்சு வை, ஸல்மா."

"உனக்கு விசரா? இத இழுத்துக்கிட்டு வந்த எனக்கு என்ன பேரு?"

திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினாள்.

பேராலாவைக் கூப்பிடும் சங்கை ஊதினேன். முதலில் நிழல் வந்தது, பிறகு காற்று. பேராலா வயல் நடுவில் இறங்கி, வழக்கமாகக் குவியல் இருக்கும் இடத்தைத் தேடியது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. கிணற்று வாய் அளவு கண். பிறகு மெல்ல அழுதது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வெற்றுத் தட்டோடு வரிசையில் நின்ற நாட்களில் என் வயிற்றிலும் அது இருந்தது. பசியை அறிந்த நானே பசித்த ஒன்றைக் காக்க வைக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

பின்னால் ஏரம்பு அண்ணை தன் வீட்டு இரும்புத் தாச்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பாவம் பிள்ளை. இதை மட்டும் எறியட்டே?"

அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். "எறிஞ்சால் அதோட போயிடும். பொறுங்கோ."

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் தெரியாது. பேராலா அலகைத் தாழ்த்தி மண்ணை மோந்தது. ஒரு காலால் கிளறியது. முதல் ஏப்பம் நெஞ்சுக்குள் இடித்தது. அடுத்தது. மூலை மூலையாக, வரம்பு ஓரம் வரை கிளறி, பதினொரு தடவை ஏப்பம் விட்டுவிட்டுத்தான் அது எழும்பியது.

ஏரம்பு அண்ணை வரம்பில் குந்திவிட்டார்.

"அப்ப... என்ர வயல்?"

"திரும்பக் கூப்பிட வேணும் அண்ணை. படையல் வைச்ச எல்லா வயலுக்கும்."

"பயிர் ஒரு சாண் வந்திட்டுதே பிள்ளை. எல்லாத்தையும் கிளறிப் போடும்."

"போடட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் வரம்பால இறங்கக் கூடாது. இப்பவே போய்ச் சொல்லுவம், எழும்புங்கோ."

அவர் எழும்பவில்லை. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிளறிக் கிடந்த என் வயலில் இறங்கி, குறுக்கே நடந்து, அடுத்த வீட்டுப் படலைக் கதவைத் தட்டப் போனேன்.