நாலாம் வகுப்புக்குக் கன்னடம் தெரியாது

"பிள்ளைங்க ஒரு வார்த்தைகூட கன்னடம் பேசக் கூடாது டீச்சர். அவ்ளோதான் விஷயம்" என்றார் கணேசமூர்த்தி. பொட்டலத்திலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தோலை வகுப்பறைத் தரையிலேயே உதறினார்.

ஜூடித்துக்கு உடனே பிடிபடவில்லை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவள் வெகுநாளாக நாலாம் வகுப்பு டீச்சர். பள்ளியை நடத்துவது ஒரு தமிழ்ச் சங்கம். சங்கத்தின் செயலாளர்தான் கணேசமூர்த்தி. மொழிச் சிறுபான்மையினர் பள்ளிகளில் இருமொழிக் கல்விக்காக அரசாங்கம் புதிதாகப் பணம் ஒதுக்கியிருக்கிறது, இலாகாவிலிருந்து வரும் புதன்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இந்தக் கட்டளையைப் போட்டார்.

"ஏன் சார்? எல்லாப் பிள்ளையும் நல்லாப் பேசுதே. நமக்குப் பெருமைதானே?"

"பெருமைக்கு எவன் காசு குடுக்கறான்? கன்னடம் தெரியாத பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்கத்தான் இந்த ஸ்கீமு. எல்லாம் தெரியும்னா வந்த வழியே திரும்பிப் போயிடுவாங்க. கொஞ்சம் மேல பாருங்க டீச்சர்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இரண்டு இடத்தில் வானம் தெரிந்தது. மழை பிடித்தால் பிள்ளைகளைச் சுவரோரமாக நகர்த்தி, நடுவில் பக்கெட் வைத்துத்தான் பாடம் நடக்கும்.

"கூரை மாத்தணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

கூரைக்காகத்தான் சரி என்றாள். பிற்பாடும் அவள் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

அதை ஒரு விளையாட்டு மாதிரி ஆக்கினாள். அவள் கன்னடத்தில் கேட்பாள், பதில் சொன்னவர் அவுட். "நின்ன ஹெசரேனு?" என்று பேரைக் கேட்டதும் முதலில் அவுட் ஆனவள் மகா. அடுத்த தடவையும் அவள்தான். மகாவின் அம்மா லட்சுமம்மா சென்னபட்டணத்துக் கன்னடக்காரி, பஸ் ஸ்டாப் பக்கத்தில் பூ விற்பவள். அப்பா பச்சைமுத்து திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பெயிண்டர். அந்த வீட்டில் அப்பாவிடம் ஒரு பாஷை, அம்மாவிடம் ஒரு பாஷை. மகாவுக்கு இரண்டும் ஒரே வாயில்தான் இருந்தன.

"மிஸ், அது தானா வருது" என்றாள் அழுகிற மாதிரி.

"பல்லைக் கடிச்சுக்கோ. வராது."

மகா பல்லைக் கடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை கடைசி ஆளாக நின்று ஜெயித்தவளும் அவள்தான். ஜூடித் அவளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள். வகுப்பு முழுக்கக் கை தட்டியது.

புதன்கிழமை வந்தவர்கள் இரண்டு பேர். வனஜாட்சி என்கிற நடுவயது அதிகாரி ஒருவர், அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு குமாஸ்தா ஒருவர். கணேசமூர்த்தி பட்டு ஜிப்பாவில் இருந்தார். வாசலிலேயே அந்த அம்மாவுக்குச் சந்தன மாலை போட்டு, "எங்க பிள்ளைகளுக்குத் தமிழ் மட்டும்தான் மேடம். நான் கூடவே இருந்து மொழிபெயர்த்துச் சொல்றேன்" என்று கன்னடத்தில் சொல்லி உள்ளே அழைத்து வந்தார்.

வனஜாட்சி முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் முகவாயைத் தொட்டுக் கன்னடத்தில் பேர் கேட்டார். அவள் பேசவில்லை. பக்கத்துப் பையனிடம் சாப்பிட்டாயா என்றார். அவனும் பேசவில்லை. மகாவிடம் வந்து, கரும்பலகையில் இருந்த படத்தைக் காட்டி, இது என்ன விலங்கு என்று கேட்டார். யானை. கன்னடத்தில் 'ஆனெ'. ஒரு எழுத்துகூட தூரமில்லை. மகா அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாடை இறுகியிருப்பது ஜூடித்துக்கு அங்கிருந்தே தெரிந்தது.

குமாஸ்தா சிரித்தார். வனஜாட்சியிடம் கன்னடத்தில், குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்: "இங்கேயே பிறந்து இந்தத் தண்ணியையே குடிச்சு வளர்ந்ததுங்க மேடம். மாட்டைக் கட்டிப் போட்ட மாதிரி முழிக்குதுங்க பாருங்க. அப்பன் ஆத்தா எப்படியோ, அப்படித்தானே குட்டியும்."

வகுப்பில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் அத்தனைக்கும் அது புரிந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் காது சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டான். மகாவின் கீழுதடு மட்டும் ஒரு தடவை துடித்து அடங்கியது.

கணேசமூர்த்தி பிள்ளைகள் பக்கம் திரும்பி, முகமெல்லாம் பல்லாக, மேடைத் தமிழில் மொழிபெயர்த்தார். "உங்களையெல்லாம் கண்டதில் ஐயாவுக்கு மிகுந்த மகிழ்ச்சியாம். நீங்கள் எல்லாரும் நன்றாகப் படித்து முன்னுக்கு வர வேண்டுமாம். எல்லாரும் நன்றி சொல்லுங்கள்."

"நன்றி ஐயா" என்று வகுப்பு மொத்தமும் பாடியது.

ஜூடித் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் கன்னடத்தில் சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடி முடித்த பிள்ளைகள் சரியாகச் செய்தோமா என்று அவள் முகத்தைப் பார்த்தன. அவள் தலையை ஆட்டவும் செய்தாள்.

அவர்கள் கிளம்பும்போது மனசு கேட்காமல் கேட் வரை ஓடினாள். கணேசமூர்த்தி குமாஸ்தாவைத் தனியே ஒதுக்கி, ஸ்வீட் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். வனஜாட்சி மட்டும் வேப்பமரத்து நிழலில் நின்று மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஜூடித் கன்னடத்தில் படபடவென்று சொல்லிவிட்டாள். மேடம், பிள்ளைகளுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும், நான்தான் பேசக் கூடாது என்று பழக்கினேன், உங்கள் குமாஸ்தா சொன்னது எல்லாம் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சரளமான தமிழில் சொன்னார். "தெரியும்மா. நான் ஒக்கலிபுரத்துல தமிழங்க மத்தியில வளந்தவ. உங்க செகரட்ரி மொழிபெயர்த்த லட்சணமும் கேட்டேன்."

ஜூடித் ஜீப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு பல்லைக் கடிச்சுட்டு நின்னப்பவே தெரிஞ்சுது. தெரியாத பிள்ளை அப்படி நிக்காது" என்றார் வனஜாட்சி. குரலில் கோபமில்லை, வெட்கமுமில்லை. "உண்மைய எழுதினா ஸ்கீம மூடிடுவாங்க. உங்களுக்குக் கூரை இல்ல, எனக்கு இலாகாவுல செக்ஷன் இல்ல. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்மா. போய் கிளாஸப் பாரு."

மாலையை மரத்தடியில் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அன்றைக்கு ஜூடித்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறையில் ஒரு பாஷை மட்டும் தெரிந்தவர் என்று யாரும் இல்லை. கேட்டவளுக்கும் தெரியும், மொழிபெயர்த்தவனுக்கும் தெரியும், நின்ற பிள்ளைகளுக்கும் தெரியும். ஏச்சு வாங்கியது மட்டும் பிள்ளைகள்.

பணம் வந்தது. சங்கக் கட்டடத்தில் மாடி எழும்பியது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற மாதிரி மேடையும் சமையற்கட்டும் வைத்துக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மொழியிலும் பெரிய போர்டு ஒன்று வந்தது. கூரையைக் கேட்டபோது கணேசமூர்த்தி, "அடுத்த தவணையில பாத்துக்கலாம் டீச்சர். மொதல்ல பிள்ளைங்க கத்துக்கிட்டாங்கன்னு காட்டணும்ல?" என்றார்.

"என்னத்தக் கத்துக்கிட்டாங்கன்னு?"

"கன்னடத்தத்தான். ஆண்டு விழாவுல நம்ம பசங்கள்ல ஒருத்தர் மேடையேறி கன்னடத்துல பேசணும். ரொம்ப சரளமா இருக்கக் கூடாது, அங்கங்க திக்கணும். நீங்கதான் பழக்கணும்."

"என்னால முடியாது சார்."

"ஏன்?"

"அருவருப்பா இருக்கு."

அவர் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டு, "சரி விடுங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று போய்விட்டார். திட்டத்துக்காகப் புதிதாகச் சேர்த்த பெண் ஒருத்தி மகாவைத் தினமும் சாயங்காலம் நிறுத்திவைத்துப் பழக்கினாள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் லட்சுமம்மா பூக்கூடையோடு பள்ளிக்கு வந்தாள்.

"மிஸ், மகா மனேல என்கிட்ட கன்னட மாத்தாடறதே இல்ல. நான் கன்னடத்துல கேட்டா தமிழ்ல பதில் சொல்றா. கேட்டா மிஸ் பேசக் கூடாதுன்னாங்கன்றா. நெஜமா?"

ஜூடித்துக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, நிஜம் சொல்லவும் வரவில்லை. "நான் சொல்றேன் அவகிட்ட" என்றாள்.

"தொண்ணூத்தொண்ணு காவேரி கலாட்டாவுல எங்க தெருவுக்குள்ள ஆளுங்க கட்டையோட வந்தப்ப இவள இடுப்புல வெச்சுக்கிட்டு நான்தான் வாசல்ல நின்னேன். எங்க வீட்டுக்காரர் கட்டிலுக்கடியில. கன்னடத்துல நாலு வார்த்த பேசுனேன், போய்ட்டாங்க. அந்த பாஷைய அவ விட்டுடக் கூடாது மிஸ்."

அவள் போன பிறகு ஜூடித் மகாவைக் கூப்பிட்டு, வீட்டில் அம்மாவிடம் பேசலாம், தப்பில்லை என்றாள். மகா "சரி மிஸ்" என்றாள். சரி என்று சொல்லச் சொன்னதால் சொன்ன மாதிரி இருந்தது.

ஆண்டு விழா புது மாடியில் நடந்தது. மேடையில் வனஜாட்சி இருந்தார். பக்கத்தில் கணேசமூர்த்தி, இன்னும் சில பெரிய மனிதர்கள். மூன்றாம் வரிசையில் லட்சுமம்மா, தலை நிறையப் பூவும் நல்ல புடவையுமாக. மகள் மேடையேறுகிறாள் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மகா மைக் முன்னால் வந்து கன்னடத்தில் பேசினாள். தன் வீட்டில் யாருக்கும் கன்னடம் தெரியாது என்றாள். இந்தப் பள்ளிக்கு அரசாங்கம் உதவிய பிறகுதான் முதன்முதலாக அந்த மொழியைக் கேட்டதாகச் சொன்னாள். கணேசமூர்த்தி சார்தான் தனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார் என்றாள். நடுவில் ஒரு வார்த்தைக்குத் தடுமாறி, கண்ணை மூடி யோசித்து, தப்பாகச் சொல்லித் திருத்தினாள். சபையில் ஐயோ பாவம் என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிறகு கைதட்டல். வனஜாட்சியும் தட்டினார்.

லட்சுமம்மா தட்டவில்லை. அவள் கை மடியில் அப்படியே கிடந்தது.

கூட்டம் கலைந்து, எல்லாரும் போண்டாத் தட்டுகளைச் சூழ்ந்துகொண்டபோது மகா பரிசாகக் கிடைத்த ஷீல்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். லட்சுமம்மா அவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "யாரு கலிசித்து நினகே?" என்றாள். உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

மகா தமிழில் சொன்னாள். "அப்டித்தாம்மா சொல்லணும். சொன்னாத்தான் ஸ்கூலுக்குக் காசு வரும்." எரிச்சலுமில்லை, அழுகையுமில்லை. கடைக்காரன் விலை சொல்கிற குரல். பிறகு பின்னால் நின்ற ஜூடித்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "மிஸ், நடுவுல திக்கினேனே, நல்லா இருந்துச்சா?"

ஜூடித்துக்கு மேடையேறிக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் எதைக் கத்துவது? மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்றும் அவளிடம் இல்லை.

"நல்லா இல்ல மகா" என்றாள்.

பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. லட்சுமம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போண்டா எண்ணெய் வாடை மாடி முழுக்க அடித்தது. ஜூடித் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை அவள் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேஜையில் சாய்ந்து நின்று பிள்ளைகளிடம் சொன்னாள். "அன்னிக்கி பேசக் கூடாதுன்னு உங்களப் பழக்கினேன் பாருங்க, அது தப்பு. செஞ்சது நான். உங்களுக்கு ரெண்டு பாஷை தெரியும், அது நல்ல விஷயம். இனிமே யாரு கேட்டாலும் எதுல பேச வருதோ அதுல பேசுங்க. வாங்க, இப்பவே பேசலாம்." பிறகு கன்னடத்தில், நேற்று லீவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

யாரும் பேசவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாக் கண்ணும் அவள் முகத்துக்கு வந்தன. எந்தப் பதில் வேண்டுமென்று அங்கே தேடின. மகா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"யாரு மிஸ் வர்றாங்க?"

"யாரும் வரலம்மா" என்றாள் ஜூடித்.

மகா நம்பவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள்.