ஈசான மூலையில் ஒரு குழி

1

இந்தக் கதையை நான் தொடங்கியது ஒரு கடிதத்தை எழுதாமல் தப்புவதற்காக. கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் நகரசபைக் கவுன்சிலுக்குப் போய்ச் சேரவேண்டும். இன்று செவ்வாய். கடிதத்துக்கென்று எடுத்துவைத்த தாளில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்குள் இரண்டு தரம் எழும்பிப்போய்த் தேநீர் போட்டுவிட்டேன். இரண்டும் ஆறிப்போய்க் கிடக்கின்றன.

கடிதம் என்னுடையதல்ல, கனகவல்லியுடையது. அவளும் கணவன் தவராசாவும் பார்க்கிங் என்கிற இங்கிலீஷ் ஊரில், ஒரு பழைய கராஜ் வரிசைக்குப் பின்னால், துண்டுக் காணி வாங்கித் தங்கள் கையாலேயே வீடு கட்டப் புறப்பட்டவர்கள். அந்தக் காணியில் வெட்டக்கூடாத இடத்தில் ஒரு குழி வெட்டிவிட்டார்கள். கவுன்சில் வேலையை நிறுத்திவிட்டது. யார் வெட்டச் சொன்னது, நிபந்தனை தெரிந்துதான் வெட்டினீர்களா என்று எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. தெரிந்தே செய்தார்கள் என்று முடிவானால் வழக்கு வரும். வீடு எப்போது எழும்பும், எழும்புமா என்பதே பிறகு தெரியாது.

"என்ர பிழை எண்டு எழுதிவிடுங்கோ அண்ணை," என்றாள் கனகவல்லி. "நாள் பாத்தது நான். வெட்டச் சொன்னதும் நான். இவருக்கு ஒண்டும் தெரியாது, பாவம். நீங்கள் இங்கிலீஷில வடிவா எழுதுவியள்."

வடிவாக எழுதுவேன்தான். ஆனால் அது அவளுடைய பிழை இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

2

தொடக்கம் அ: "எஸ்தோனியாவில் ஒரு வீடு லொறியில் ஏறியது."

இதை வாசித்துவிட்டு என் மனைவி பிரமிளா, "வீடு லொறியில ஏறுறதோ? வாசிக்கிற சனத்துக்கு விசர் பிடிக்கப்போகுது," என்றாள். உண்மையில் ஏறத்தான் செய்தது. எங்கள் சனம் இதைக் கிட் வீடு என்கிறது. சுவர், கூரை, யன்னல் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டி, ஒவ்வொரு பலகைக்கும் இலக்கம் போட்டு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் நிலத்தைத் துப்புரவாக்கி, கொங்கிறீட் தளம் போட்டு வைத்திருந்தால், படத்தைப் பார்த்துப் பூட்டவேண்டியதுதான். ஏழு நாளில், ஒரு கிழமையில், வீடு எழும்பிவிடும். அந்தக் கிழமை வருவதற்குத்தான் வருசக்கணக்கில் செல்லும்.

தொடக்கம் ஆ: "தவராசா பஸ் ஓட்டுகிறான். கனகவல்லிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஃபாரஸ்ட் கேட்டில், யாரோ ஒருவரின் வீட்டு மேல்மாடி அறையில், பதினான்கு வருசமாக அவர்கள் சத்தம் போடாமல் நடந்து, சத்தம் போடாமல் தாளித்து—"

நிறுத்து. இப்படித் தொடங்கினால் இரண்டாவது பந்தியில் எல்லோரும் அழவேண்டிவரும். அவர்கள் அழுகிற ஆட்கள் இல்லை. ஒரு வருசத்துச் சனிக்கிழமைகளை அந்தக் காணியில் பழைய டயரும் உடைந்த கண்ணாடியும் எண்ணெய் ஊறிய மண்ணும் அள்ளிக் கழித்தவர்கள். முதல் வரைபடத்தில் படுக்கையறை யன்னல் அடுத்த வீட்டுச் சமையல் குசினிக்குள் பார்க்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் கார் திருப்ப இடமில்லை. மூன்றாவதற்கு முன்பு மண் பரிசோதனை. அப்போதும் கனகவல்லி, "கேக்கிறதில நியாயம் இருக்குத்தானே," என்றுவிட்டு அடுத்த தாளை என்னிடம் நீட்டினாள்.

அந்தத் தாள்களை எல்லாம் வாசித்துச் சொன்னதும் பதில் எழுதிக்கொடுத்ததும் நான். எனக்கு வேறொரு கவுன்சிலில், உதவிப்பணம் கொடுக்கிற பெனிபிட் பகுதியில் உத்தியோகம். எங்கள் சனத்தின் பாதிக் கடிதங்கள் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துதான் திறபடும்.*

(* இந்த வரியில் ஒரு பெருமை தெரிகிறது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும்.)

3

கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டும். பக்கத்து வளவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருக்கிறார். வேலிக்கரையில் அவருடைய ஓக் மரம் நிற்கிறது. கவுன்சிலின் பாதுகாப்பில் உள்ள மரம். கிளை வெட்டுவதானாலும் கேட்டுத்தான் வெட்டவேண்டும். குழியைப் படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்பியவர் அவர்.

முதல் வரைவில் அவரை அசல் நிறத்துவேசியாக்கி வைத்திருந்தேன். வாசலில் கொடி, குரைக்கிற நாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பேச்சு. கொடியும் நாயும் பேச்சும் என் சொந்தச் சரக்கு. அவரிடம் இருப்பது ஒரு நொண்டிப் பூனை. டயர் அள்ளிய சனிக்கிழமைகளில் வேலிக்கு மேலால் தேத்தண்ணி நீட்டிய மனிதர் அவர். அவரைத் துவேசியாக்கினால் கதை சுலபமாகப் போகும், எனக்கும் நித்திரை வரும். ஆனால் குழி வெட்டிய அன்று அவர் கத்தவில்லை. வேலியடியில் நின்று ஒரேயொரு கேள்வி கேட்டார். அதை நாலாம் பகுதியில் எழுதியாகவேண்டும். எழுத விருப்பமில்லை.

(மூன்றாவது தேநீர்.)

4

அனுமதிக் கடிதம் 2006 மே கடைசியில் ஒரு புதன்கிழமை வந்தது. அடுத்த நாள், வியாழன், காலை பதினொன்று பன்னிரண்டுக்கும் பதினொன்று நாற்பதுக்கும் இடையில் முகூர்த்தம். ஐயர் முதலே குறித்துக் கொடுத்திருந்தார். அதை விட்டால் அவர்களுடைய சாதகத்துக்கு ஆவணி வரைக்கும் வேறு நாள் இல்லையாம். லொறியோ ஜூன் நடுவில் வருகிறது. கல் வைக்காமல் தளம் போடக் கனகவல்லி சம்மதிக்கமாட்டாள். அதில் நியாயம் பார்க்க வேண்டாம். எங்களில் யாரும் சம்மதிக்கமாட்டோம்.

அத்திவாரக் கல்லை வடகிழக்கில், ஈசான மூலையில், வைக்கவேண்டும். அந்தக் காணிக்கு ஈசான மூலை ஓக் மரத்தடி. தவராசா மண்வெட்டியோடு இறங்கினான். மூன்றடி ஆழத்தில் கை மொத்தத்தில் ஒரு வேர் குறுக்கே கிடந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நேரம் போகுது, வெட்டுங்கோ," என்றாள் கனகவல்லி.

வெட்டினான். பால் ஊற்றி, நவதானியம் தூவி, ஒரு பொட்டுப் பவுன் வைத்துக் கல்லை இறக்கினார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். மோதகம் இரண்டு சாப்பிட்டேன்.

அப்போதுதான் கிழவர் வந்தார். குழியைப் பார்த்தார், வேரைப் பார்த்தார். அனுமதியோடு வந்த நிபந்தனைகளை வாசித்தீர்களா என்று கேட்டார். மரத்தைச் சுற்றித் தடுப்பு அடித்து, அதிகாரி வந்து பார்க்கும்வரை மண்ணைத் தொடக்கூடாது என்று இருக்கவேண்டுமே என்றார்.

தவராசா மண் கையாலேயே என்னைக் காட்டினான். "மை பிரதர் ரெட் எவ்ரிதிங்," என்றான். அண்ணை எல்லாவற்றையும் வாசித்துவிட்டாராம்.

நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்து வேலையை நிறுத்தினார். லொறியை நிறுத்த முடியவில்லை. அது சொன்ன நாளில் வந்து, இலக்கம் போட்ட வீட்டை மரத்தைவிட்டுத் தள்ளி, காணியின் மறுகரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. நீலத் தறப்பாளால் மூடிக் கட்டியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் உள்ளே போனால் பலகை ஊதிவிடும், பிறகு ஒன்றோடொன்று பொருந்தாது. கனகவல்லி பள்ளிக்கூட வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் பஸ் பிடித்துப்போய்க் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறாள்.

5

[பிறகு எழுதலாம்.]

6

முடிவு ஒன்று: கவுன்சில் மன்னிக்கிறது. வீடு எழும்புகிறது. புதுக் குசினியில் பால் பொங்கும்போது கிழவர் பூனையோடு வந்து கதிரையில் இருந்து பொங்கல் சாப்பிடுகிறார். ஓக் மரம் ஒரு இலையை—

வேண்டாம்.

முடிவு இரண்டு: அனுமதி போய்விடுகிறது. ஊறிப்போன பலகைகளை ஏற்றிக்கொண்டு லொறி திரும்புகிறது. ஈசான மூலைக்குழியில் நவதானியம் முளைத்து நிற்கிறது. சிற்றிதழ்க்காரர்களுக்கு இது பிடிக்கும்.

பிரமிளா இரண்டையும் வாசித்தாள்.

"ரெண்டிலயும் உங்களைக் காணேல்லையே. மோதகம் திண்ட ஆள் எங்க போட்டார்?"

"நான் கதை சொல்லுறவன்."

"ஓம் ஓம். அஞ்சாம் பகுதியிலயும் ஆளைக் காணேல்லை," என்றுவிட்டு அவள் ஷிப்டுக்கு வெளிக்கிட்டாள். கதவு சாத்தப்பட்டதும் நான் புதுத் தாள் ஒன்றை எடுத்தேன்.

5, திரும்பவும்

அந்தப் புதன்கிழமை தவராசா ஷிப்ட் முடிந்து, பஸ் உடுப்போடு, நேரே என் ஒபிஸுக்கு வந்தான். கையில் உறை. பிரிக்கவே இல்லை. எனக்கு மதிய இடைவேளை முடியப் பத்து நிமிடம் இருந்தது. நான் மேலே என் மேசையில் வேறொரு சிறுகதையின் கடைசிப் பந்தியை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாகப் பிடிபடாமல் போக்குக்காட்டிய வரி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அது நழுவ முன்னர் திரும்பிப் போய்விடவேண்டும் என்று படிகளில் ஓடி இறங்கினேன்.

உறையைப் பிரித்தேன். முதல் தாளில், பின்வரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதி வழங்கப்படுகிறது என்று இருந்தது. இரண்டாவது தாளைத் திருப்பவில்லை.

"எல்லாம் சரி. நாளைக்குத் தொடங்கு," என்றேன்.

"வேற ஒண்டும் இல்லையோ அண்ணை?"

"இல்லையடாப்பா."

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். நான் மேலே போய் வரியை எழுதினேன்.

மரம் பற்றிய நிபந்தனை இரண்டாவது தாளில், மூன்றாம் இலக்கத்தில், தடித்த எழுத்தில் இருக்கிறது. வேலை நின்ற பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இவங்கள் சட்டத்தை எங்கயோ மூலையில ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்," என்று அவர்களிடம் சொன்னேன். கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள் என்று கவுண்டருக்கு வருகிற சனத்துக்குத் தினமும் சொல்லிச் சம்பளம் எடுப்பவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடப் பயம் கூடுதல்: இனி யார் என்னிடம் கடிதம் கொண்டுவருவார்கள்?

அந்தச் சிறுகதை போன வாரம் அச்சில் வந்தது. கனகவல்லி என் கதைகளை விடாமல் வாசிப்பவள். "முடிவு நல்லா இருந்தது அண்ணை," என்றாள்.

7

புதன் முழுக்க இருந்து இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று கனகவல்லி கேட்டது, ஒரு தாள். தெரிந்தே செய்ததாக அவள் ஒப்புக்கொள்கிற மாதிரித்தான் அது வந்து முடிந்தது. பிழையைத் தன் தலையில் போடச்சொல்லித்தானே அவள் கேட்டிருந்தாள். மற்றது இரண்டு தாள். கீழே என் பெயர், என் கையெழுத்து.

வியாழன் பின்னேரம் இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காணிக்குப் போனேன். நல்ல காற்று. கனகவல்லி தறப்பாளின் ஒரு மூலையை முழங்காலால் அமத்திக்கொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியளோ அண்ணை?"

"ஓம்."

"வாசிச்சுக் காட்டுங்கோவன். கையெழுத்து வைக்க முதல் எனக்கு விளங்கோணும். இதை விட்டா பறந்திடும், நான் இப்பிடியே நிண்டு கேக்கிறன்."

இந்த மாதிரிக் கதைகளில் எழுத்தாளன் இந்த இடத்தில்தான் நழுவுவான். பையில் இரண்டு உறை, எதை எடுத்தான் என்று சொல்லமாட்டான், வாசகருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவான். எனக்கும் அது வசதிதான். கதையை இதழுக்கு அனுப்பினால் வெளிவர இரண்டு மாதம் எடுக்கும். அவள் வாசித்து அறிந்துகொள்ளட்டும் என்று விடலாம். ஆனால் கடிதம் நாளைக்குப் போகவேண்டும்.

இரண்டு தாள் கடிதத்தை எடுத்தேன். முதல் தாளைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். விலாசம், திகதி, எங்கள் வழக்கத்தில் கல் ஏன் அந்த மூலைக்குப் போகிறது, வேருக்காக வருந்துகிறோம். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தாளின் அடிக்கு வந்ததும் என் வாய் தானாக நின்றுவிட்டது. தாளை மடிக்கத் தொடங்கினேன்.

"பின்னால இன்னொரு தாள் இருக்குத்தானே," என்றாள் கனகவல்லி. "அதையும் வாசியுங்கோ அண்ணை."

வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. முடித்தபோது கயிறு அவள் கையில் அப்படியே இருந்தது, முடிச்சுப் போடப்படாமல்.

பிறகு அவள் ஒரு வசனம் சொன்னாள். அதை நான் எழுதமாட்டேன். எழுதினால் அதையும் வடிவாக்கத் தொடங்கிவிடுவேன். நீங்கள் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேலாகத் தன்னால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டு தினமும் வந்து இந்தக் கயிற்றைக் கட்டிய பெண், என் முகத்தைப் பார்த்து என்ன சொல்வாள் என்று யோசித்து எழுதுங்கள். எனக்காக இரக்கம் பார்க்கவேண்டாம்.

இரண்டு தாள் கடிதம் வெள்ளி காலை கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அதை என்னிடம் வாசிக்கக் கொண்டுவருவார்களா என்றும் தெரியவில்லை.